அண்ணாச்சி குரலுக்குப் பார்ட்டி ரேட்

ஐம்பத்தெட்டாயிரம். சரியா சார்? கூட ஒரு பை, ஒரு மவுஸ், ஒரு ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர், மூணும் ஃப்ரீ. கண்ணாடி போட்ட ஒரு பையன், சட்டையில பேட்ஜ் குத்தி, மூக்காலயே பேசியிருப்பான். "சார், இது ஏ.ஐ. லேப்டாப் சார். வீட்ல கேட்டுட்டு நிதானமா வாங்க சார். ஆனா ஆஃபர் இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது சார்." சிரிக்கிறீங்க. அப்போ அப்படித்தான் பேசியிருக்கான். நான் அவனைப் பார்த்ததே கிடையாது சார். எல்லா ஷோரூம்லயும் அவன்தான் நிக்கிறான்.

மகளுக்கா? என்ன படிக்கிறாங்க? பி.காமா? பி.காமுக்கு எதுக்கு சார் கேம் விளையாடுற கிராபிக்ஸ் கார்டு? பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க. கணக்குப் போடுறதுக்கும் நாலு பாடம் பார்க்கிறதுக்கும் முப்பத்தஞ்சாயிரம் தாண்டவே வேண்டாம். மெமரி பதினாறு இருக்கணும், எஸ்.எஸ்.டி. ஐநூத்துப் பன்னிரண்டு இருக்கணும், கீபோர்டு தட்டினா நடுவுல குழி விழக் கூடாது. அவ்வளவுதான். சரி, வாங்கியாச்சு, விடுங்க. உங்க முகம் வாடுது, நான் வாயை மூடிக்கிடுதேன்.

மூட முடியலை சார். மதுரை வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. கோவில்பட்டியில ஏறினதுல இருந்து உங்க மடியில அந்தப் பெட்டியைப் பார்க்கிறேன், வயிறு எரியுது. உங்களைப் பார்த்து இல்லை. ஜெபாவை நினைச்சு.

ஜெபான்னா ஜெபஸ்டின். என் ஃப்ரெண்டு. ஃப்ரெண்டா இருந்தவன். ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே பெஞ்சு. அவன் என்கிட்டப் பேசி இன்னையோட பதினேழு நாளாச்சு. என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். எங்கப்பா நம்பர், எங்கம்மா நம்பர், எங்க தெரு அயர்ன் கடைக்காரர் நம்பர், எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டான். ஏன்னா அத்தனையில இருந்தும் நான் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். ஒரு தடவை அவன் பேசினாப் போதும் சார் எனக்கு. திட்டினாலும் சரி. திட்டுறதுக்குக்கூட வாயைத் திறக்க மாட்டேங்கிறான்.

காட்டிக் கொடுத்தது அவன். கோபப்பட வேண்டியது நான். எங்கேயாவது நியாயம் இருக்கா?

முதல்ல இருந்து சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

எனக்குக் குரல் வரும் சார். எந்தக் குரலும். எங்க ஹெட்மாஸ்டர் மைக்ல பேசுறதுக்கு முன்னாடி "ஹ்ம்ம்ப்" அப்படின்னு ஒரு சத்தம் விடுவார். அதை நான் பாத்ரூம்ல இருந்து விட்டேன்னா மூணு கிளாஸ் எந்திரிச்சு நிக்கும். எங்கப்பா மின்வாரியத்துல லைன்மேன். "ஏட்டி, டார்ச்சை எங்க வச்ச?"ன்னு நான் மாடியில இருந்து கேட்டா, எங்கம்மா கீழ இருந்து, "உங்க மண்டையில வச்சேன், தேடிப் பாருங்க"ன்னு எங்கப்பாவைத் திட்டும். அவர் பாவம் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பார்.

ஜெபாவுக்குக் கை வரும். ஸ்க்ரூ டிரைவரை அவன் பிடிக்கிற அழகே தனி. அவங்க அக்கா எஸ்தர் கத்துக் கொடுத்தது. எஸ்தர் அக்கா கோவில்பட்டியில சங்கரபாண்டி அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடையில ஏழு வருஷமா சர்வீஸ் பார்த்தாங்க. செத்துப்போன லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, "உனக்கு என்னம்மா பண்ணுது"ன்னு அதுகிட்டக் கேட்பாங்க. அது பதில் சொல்லும் சார், நிஜமா. அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன மார்ச்ல பரீட்சை முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் ஒரு வேலை ஆரம்பிச்சோம். யாருக்காவது கம்ப்யூட்டர் வேணும்னா நாங்க தேர்ந்தெடுத்துக் கொடுப்போம், வாங்கிக் கொடுப்போம், வீட்டுல கொண்டுபோய் மாட்டி, தமிழ் டைப்பிங் வரைக்கும் போட்டுக் கொடுத்துட்டு வருவோம். எங்க தெருவுல ஒரு டியூஷன் மிஸ், ஒரு போட்டோ ஸ்டுடியோ, தீப்பெட்டி ஆபீஸ் கிளார்க் ஒருத்தர், ஒரு போதகர். எல்லாருக்கும் நான் சொல்ற மந்திரம் ஒண்ணுதான். புதுசு வேண்டாம். பெங்களூர்ல, சென்னையில பெரிய கம்பெனிக்காரங்க மூணு வருஷம் வச்சிருந்துட்டு மொத்தமாத் தள்ளிவிடுவாங்க பாருங்க, கம்பெனி ரிட்டர்ன்னு பேர், அந்த மெஷின் இரும்பு மாதிரி இருக்கும். அதுல பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிட்டு எஸ்.எஸ்.டி. போட்டா, குதிரை. லைட்டு எரியுற கேபினெட் வேண்டாம், வீட்டுல என்ன கோயில் கொடைவிழாவா நடக்குது? மானிட்டர் பழசு போதும், கீபோர்டு எதுவும் போதும். கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்-ல மட்டும் சிக்கனம் பிடிக்காதீங்க, யு.பி.எஸ். இல்லாம வீட்டுக்குள்ளயே விடாதீங்க. எங்க ஊர்ல கரண்ட் எப்போ போகும்னு எங்கப்பாவுக்கே தெரியாது.

கேட்டுக்கிட்டாங்க. சந்தோஷமா இருந்தாங்க. ஆனா விலை?

அங்கதான் சார் சூட்சுமம். இந்தக் கம்பெனி ரிட்டர்ன் சரக்கெல்லாம் நம்ம பக்கத்துக்கு மதுரையில இருந்துதான் வரணும். நஜ்முதீன் பாய்னு ஒருத்தர். குடோன் வச்சிருக்கார். அவர்கிட்ட ரெண்டு விலை. தெருவுல போற ஆள் கேட்டாக் கவுன்டர் ரேட். கடைக்காரங்க கேட்டாப் பார்ட்டி ரேட். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரம், மூவாயிரம் வித்தியாசம். அந்தப் பார்ட்டி ரேட்டை பாய் எழுதியே கொடுக்க மாட்டார். வாட்ஸ்அப்ல அனுப்ப மாட்டார். எழுதினா அதைக் கஸ்டமர்கிட்டக் காட்டிருவாங்களாம். கடைக்காரர் போன்ல கூப்பிடணும். பாய் நம்பரைப் பார்க்கவே மாட்டார், குரலைக் கேட்டு ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கிடுவார். வாயால ஒரு விலை சொல்வார். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த விலை நிக்கும். கடை ஆள் ஒருத்தன் போய், "அண்ணாச்சி சொன்னாக"ன்னு நின்னாப் போதும், பணத்தை வாங்கிக்கிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துருவாங்க. பேர் கிடையாது, சீட்டு கிடையாது. இருபது வருஷமா அப்படித்தான் யாவாரம் நடக்குது. குரல்தான் அடையாள அட்டை.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. சிரிப்பை அடக்காதீங்க சார், சிரிங்க.

சங்கரபாண்டி அண்ணாச்சி குரல் இருக்கே, அது எனக்கு லட்டு மாதிரி. முதல்ல ரெண்டு இருமல். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அப்புறம், "ஆங்... பாய்... நாந்தான்." பேரைச் சொல்லவே மாட்டார். பேச்சு பிடிக்கலைன்னா, "அது கிடக்கட்டும்." சந்தோஷம்னாலும், "கிடக்கட்டும், கிடக்கட்டும்." யாராவது செத்துப்போனாக்கூடக் கிடக்கட்டும்தான். எஸ்தர் அக்கா பக்கத்துல உட்கார்ந்து நான் எத்தனை நாள் அதைக் கேட்டிருப்பேன்! அண்ணாச்சி பாய்கிட்ட ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். கடைக்குள்ள எஸ்தர் அக்காவைத் தவிர வேற யார் இருக்கா? நாங்க ரெண்டு பேரும் வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, எங்களை அவர் கணக்குலயே எடுத்துக்கிடலை.

முதல் தடவை பேசினப்போ ஜெபா வாயில துண்டை அமுக்கிக்கிட்டுக் கீழ விழுந்து உருண்டான். கண்ணுல தண்ணி அவனுக்கு. "எலேய் சுதா, நீ மனுசனே இல்லலே"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதுவும் பண்ணுவேன் சார். என் முழுப்பேர் ஹரிகரசுதன். சுதான்னு கூப்பிடுறவன் அவன் ஒருத்தன்தான். அவன் அக்காவும்தான்.

அதுக்கப்புறம் வாராவாரம். நான் அண்ணாச்சியா இருமி விலை பேசுவேன். நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி மதுரை போய், "அண்ணாச்சி சொன்னாக"ன்னு நிப்போம். தெருவுல எல்லாருக்கும் பார்ட்டி ரேட். நாங்க ஒரு பைசா லாபம் வைக்கலை சார், இதை நீங்க குறிச்சுக்கிடணும். திருட்டு இல்லை. பாய்க்கு அவர் விலை வந்துருச்சு, மிஸ்ஸுக்கு மெஷின் வந்துருச்சு. யாருக்கு என்ன நஷ்டம்? பாய் ஒண்ணு ரெண்டு தடவை நிஜ அண்ணாச்சிகிட்டயே, "போன வாரம் எடுத்தீங்களே, அது நல்லா ஓடுதா?"ன்னு கேட்டாராம். அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார்? கிடக்கட்டும்னு சொல்லியிருப்பார்!

கடைசியா ஜெபாவுக்கே ஒரு மெஷின் எடுக்க வேண்டி வந்தது. ஒரு இன்ஜினியர் அவனுக்கு வீட்டு பிளான் வரையுற வேலை தரேன்னு சொல்லியிருந்தார். கையால வரைஞ்சதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், வரைபடத்துக்கு இவ்வளவுன்னு காசு. அதுக்கு நான் பார்த்துப் பார்த்து ஒரு மெஷின் பிடிச்சேன். ஐ-ஃபைவ், எட்டாவது ஜெனரேஷன், மெமரி பதினாறு. உள்ளே தூசிகூட இல்லை, போட்டோ வாங்கிப் பார்த்தேன். பாய் பார்ட்டி ரேட்டே பதினஞ்சரைன்னுட்டார். ஜெபாகிட்ட அவ்வளவு இல்லை. அவன், "போதும்ல, சின்னதா ஒண்ணு பார்ப்போம்"ன்னான்.

நான் விடுவேனா? என் ஃப்ரெண்டுக்கு வாங்குறேன் சார்.

அன்னைக்குப் போட்டேன் பாருங்க ஒரு பேச்சு. ரெண்டு இருமல். "பாய், உம்ம சரக்கைப் பத்தி ஊருக்குள்ள என்ன பேசுதாவன்னு தெரியுமா வே? இருபது வருஷப் பழக்கத்துக்கு மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எடுக்கேன். உம்ம மகன் என்னைக்குக் கல்லாவுல வந்து உட்கார்ந்தானோ, அன்னைக்கே கடை படுத்துட்டு. அது கிடக்கட்டும், பதிமூணு எழுநூறுன்னாச் சொல்லும். இல்லாட்டி கோயம்புத்தூர்ல ஆள் இருக்கு." மகன் சமாசாரம் நான் அந்த நேரத்துல சேர்த்தது. தானா வந்துருச்சு. அண்ணாச்சி கோபப்பட்டா அப்படித்தான் பேசுவார்னு தோணுச்சு. அப்புறம் பாய் மெதுவாச் சொன்னார்: "சரிங்க அண்ணாச்சி. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க."

ஆயிரத்து எண்ணூறு ரூபா சார்! ஒரே மூச்சுல! இந்த மதுரை ரோட்டுல யாரும் அப்படி அடிச்சுப் பேசி வாங்கியிருக்க மாட்டான். ஜெபா அன்னைக்குச் சிரிக்கலை. "மகனைப் பத்தி எதுக்குலே சொன்ன?"ன்னு மட்டும் கேட்டான். "விலை குறைஞ்சுதா இல்லையா?"ன்னேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், ஆள் சரியில்லைன்னு.

மெஷின் வந்தது. நானே உட்கார்ந்து எல்லாத்தையும் ஏத்தினேன். ஆன் பண்ணினா ஹெட்மாஸ்டர் "ஹ்ம்ம்ப்"னு சத்தம் விடுற மாதிரி வச்சுக் கொடுத்தேன். எவ்வளவு அக்கறை பாருங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பள்ளிக்கூடத்துல இருபது மெஷின் கேட்டிருக்காங்க. அண்ணாச்சி பார்ட்டி ரேட்டை நம்பி விலை எழுதிக் கொடுத்துட்டு பாயைக் கூப்பிட்டிருக்கார். பாய், "இனிமே உங்களுக்குக் கவுன்டர் ரேட்தான் அண்ணாச்சி. வெளியில கேட்டுக்கங்க"ன்னுட்டார். அண்ணாச்சி, "என்னய்யா ஆச்சு?"ன்னு கேட்க, பாய், "என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்"னு வச்சுட்டார். பள்ளிக்கூட ஆர்டர் போச்சு. அண்ணாச்சி பஸ் ஏறி பாய் குடோனுக்கே போயிட்டார். பாய் முகம் கொடுத்துப் பேசலை. அங்க வேலை பார்க்கிறவங்கதான் சொல்லியிருக்காங்க: "உங்க கடைப் பசங்கதான் வாராவாரம் வந்து எடுக்காங்களே. ஒருத்தன் வாயாடி. இன்னொருத்தன் ஒல்லியா, உயரமா, கழுத்துல சிலுவை போட்டிருப்பான்."

கழுத்துல சிலுவை போட்ட ஒல்லிப் பையன் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான். எஸ்தர் அக்கா தம்பி. பார்ட்டி ரேட் தெரிஞ்ச ஆளும் கடையில எஸ்தர் அக்காதான். அவர் ஒரு கணக்குப் போட்டுட்டார். என் ரேட்டை வச்சு இவ தம்பியை விட்டுத் தனி யாவாரம் பண்ணுதா, பாய்கிட்ட என்னைப் பத்தி ஏதோ ஏத்திவிட்டும் இருக்கா. மறுநாள் காலையில, "நாளையில இருந்து வர வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டார்.

அது வேற விஷயம் சார், அதை இதோட போட்டுக் குழப்பிக்கிடாதீங்க. நான் சொல்ல வந்தது ஜெபா பண்ணினது.

அன்னைக்கே வந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. "வால, அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லிருவோம். ரெண்டு பேரும்தான் பண்ணினோம், ரெண்டு பேரும் சொல்லுவோம்."

நான் சொன்னேன், "பொறுல. அவசரப்படாத. ரொம்பச் சுலபமா முடிச்சிரலாம். நான் அண்ணாச்சி குரல்ல பாய்க்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுருதேன். அப்புறம் பாய் குரல்ல அண்ணாச்சிக்குப் போன் போட்டு, உங்க கடையில அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, திரும்பச் சேர்த்துக்கிடுங்கன்னு சொல்லுதேன். ரெண்டு போன், மூணு நிமிஷம். எல்லாம் சரியாப் போயிரும்."

நல்ல யோசனைதானே சார்? நீங்களே சொல்லுங்க. அவன் போயிட்டான்.

நாலு நாள் ஆளைக் காணோம். அஞ்சாவது நாள், சனிக்கிழமை, காலையில பதினொரு மணி இருக்கும், போன் வருது. ஜெபா.

"சுதா, மனசே சரியில்லலே. வீட்டுல யாரும் பேச மாட்டேங்காங்க. சிரிச்சு நாளாச்சு. ஒருக்கா அண்ணாச்சி மாதிரிப் பேசிக் காட்டேன்."

நம்ம ஃப்ரெண்டு, கஷ்டத்துல இருக்கான், நம்மகிட்டக் கேக்கான். முடியாதுன்னு சொல்ல முடியுமா? என்கிட்ட யார் கேட்டாலும் முடியாதுன்னு நான் சொன்னதே இல்லை. அன்னைக்கு நான் போட்ட மாதிரி என் வாழ்க்கையில போட்டதில்லை. கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டு இருமல். "ஆங்... பாய்... நாந்தான்." அந்தக் கடைசிப் பேச்சை அப்படியே திரும்ப எடுத்துவிட்டேன். உம்ம சரக்கு, உம்ம மகன், கல்லா, கோயம்புத்தூர், ஒரு வார்த்தை விடலை. நடுவுல பாய் குரலும் நானே. "சரிங்க அண்ணாச்சி, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க."

அவன் சிரிக்கலை. இன்னும் பத்தலை போலன்னு நினைச்சேன். புதுசா ஒண்ணு போட்டாத்தான் ஆள் தேறுவான்னு, அண்ணாச்சி எஸ்தர் அக்காவை வேலையை விட்டு நிறுத்துற சீனைப் போட்டேன். "நாளையில இருந்து வர வேண்டாம்மா. ஏழு வருஷம் உப்பைத் தின்னுட்டு... அது கிடக்கட்டும்." அதுக்கு அக்கா குரல்: "அண்ணாச்சி, நான் என்ன தப்புப் பண்ணினேன் அண்ணாச்சி?" விக்கி விக்கி அழுகை. மூக்கை உறிஞ்சுறது வரைக்கும் அச்சு அசலாப் போட்டேன் சார்.

போட்டுட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஃபேன் சுத்துற சத்தம்தான் கேக்குது. அது எனக்குத் தெரிஞ்ச ஃபேன். ஒரு றெக்கை வளைஞ்சது. டக் டக்னு இடிக்கும். ஜெபா வீட்டுல அப்படி ஃபேன் கிடையாது.

அப்போ ஒரு இருமல் வந்தது. பெருசு ஒண்ணு. சிறுசு ஒண்ணு.

நான் இருமலை சார்.

ஸ்பீக்கர்ல போட்டுருக்கான்! அண்ணாச்சி கடை மேசை மேல போனை வச்சு! சுத்தி அண்ணாச்சி, அக்கா, இன்னொரு போன்ல மதுரையில இருந்து பாய், எல்லாரையும் கேட்க வச்சிருக்கான். முதல்ல இவன் போய்ச் சொன்னப்போ அண்ணாச்சி நம்பலையாம். "என்னை மாதிரி ஒருத்தன் பேசி பாயை ஏமாத்திருவானா? அக்காவைக் காப்பாத்தக் கதை விடுதியா?"ன்னாராம். அதுக்காக என்கிட்டச் சிரிக்கணும்னு சொல்லி... மனசு சரியில்லைன்னு சொல்லி...

யாரை வேணும்னாலும் ஏமாத்தலாம் சார். ஃப்ரெண்டை ஏமாத்தலாமா? அதுவும் குரலை மாத்திப் பேசி?

அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டலை. அக்காதான் பேசினாங்க. ரொம்ப சாதாரணமா. "சுதா, நான் அன்னைக்கு அழவே இல்லைடா."

அதுதான் எனக்கு இன்னை வரைக்கும் விளங்கலை. அழலைன்னா நல்லதுதானே? அதை எதுக்கு என்கிட்டச் சொல்லணும்? ஆனா ராத்திரி படுத்தா அந்த வரிதான் கேட்டுக்கிட்டே இருக்கு. சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ஒரு வரியை மட்டும் என்னால அவங்க மாதிரிச் சொல்ல முடியலை. நூறு தடவை முயற்சி பண்ணிட்டேன்.

சாயங்காலம் ஜெபா அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போய் அண்ணாச்சி மேசையில வச்சுட்டான். மானிட்டர், கீபோர்டு, ஒயர் எல்லாத்தையும் சுருட்டி. பதினாறு மெமரி சார்! அவ்வளவு நல்ல மெஷின் இனிமே அவனுக்குக் கிடைக்குமா? வீட்டுல உட்கார்ந்து வரையுற வேலையும் போச்சு. இப்போ அந்த இன்ஜினியர் ஆபீஸ்லயே உட்கார்ந்து, அவங்க ஓட்டை மெஷின்ல பாதிக் காசுக்கு வரையுறான். எனக்குத் துரோகம் பண்ணப் போய் தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டான்.

அண்ணாச்சி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார். வீட்டுக்கே போனார். அக்கா, "கேட்காமலே என்னைச் சந்தேகப்பட்டீங்கல்லா அண்ணாச்சி, இனிமே சரிவராது"ன்னுட்டாங்க. தினமும் சாத்தூருக்குப் பஸ்ல போய் ஒரு பிரவுசிங் சென்டர்ல ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காங்க. நாம வரும்போது சாத்தூர்ல நின்னுச்சே, அப்போ நான் தலையைக் குனிஞ்சு செருப்பைத் தேடினேன் பாருங்க. செருப்பு கால்லதான் இருந்தது.

எங்கப்பாவுக்கு விஷயம் போயிருச்சு. "பாயை நேர்ல பார்த்து உன் வாயால சொல்லிட்டு வா. அதுவரைக்கும் காலேஜ் அப்ளிகேஷன்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்"ன்னுட்டார். அவர் கையெழுத்தை நானே... வேண்டாம், விடுங்க. அதான் போறேன்.

சார், உங்க போனை ஒரு நிமிஷம் தர்றீங்களா? என் நம்பர்ல இருந்து போகாது. ஒரே ஒரு கால். ஸ்பீக்கர்லயே போடுதேன், நீங்களும் கேளுங்க. நம்பர் மனப்பாடம்.

ரிங் போகுது.

"ஹலோ."

"சார் வணக்கம், கூரியர்ல இருந்து பேசுறோம் சார், ஜெபஸ்டின்ங்கிற பேருக்கு ஒரு பார்சல்..."

வச்சுட்டான். மூணு வார்த்தையிலயே பிடிச்சுருவான் சார் அவன். ஊர் முழுக்க ஏமாந்தாலும் அவன் ஒருத்தன் ஏமாற மாட்டான். இருங்க, இன்னொரு தடவை. இன்ஜினியர் குரல்ல போடவா? வேண்டாமா? சும்மா பேசுன்னா எப்படிச் சார் சும்மா பேசுறது? சரி. சரி, நீங்க சொல்றீங்களேன்னு பேசுதேன்.

"ஹலோ."

"ஜெபா. வச்சிராதல. நான் மதுரை போய்க்கிட்டு இருக்கேன். பாயைப் பார்க்க. திருமங்கலம் வந்துருச்சு. அவர் மகனைச் சொன்னதுக்கு... அவர்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலைல. பயமா இருக்கு. அக்காகிட்டயும் எப்படி... கேக்குதா? ஜெபா?"

"...இது யாரு குரல்லே?"

"என்னது?"

"புதுசா இருக்கு. இப்படிப் பேசுற ஆளை நான் பார்த்ததே இல்லையே."

"எலேய், சத்தியமா..."

வச்சுட்டான். பார்த்தீங்களா சார்? இப்போ என்ன சொல்லுதீங்க?

நீங்க பேசுறீங்களா? நிஜமாவா? ரொம்ப நன்றி சார். வேற ஒண்ணும் வேண்டாம், உங்க பேரைச் சொல்லுங்க, பஸ்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுங்க, இந்தப் பையன் தன் சொந்தக் குரல்லதான் பேசினான்னு சொல்லுங்க. பெரியவங்க சொன்னா அவன் மதிப்பான். எடுத்துட்டான், எடுத்துட்டான், பேசுங்க.

ம். ம். நல்லாச் சொன்னீங்க சார். "தம்பி கண்ணெல்லாம் கலங்கியிருக்கு"ன்னு நீங்க சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம், அது தூசி. என்ன சொல்றான்? பஸ் இரைச்சல்ல சரியாக் கேக்கலை, இங்க கொடுங்க.

"சுதா, இந்தப் பெரியவர் குரல் ரொம்ப நல்லா இருக்குலே. நீ போட்டதுலயே இதுதான் பெஸ்ட். வை."

வச்சுட்டான்.

சார், நீங்க கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க நிஜமான ஆள்தான்னு நான் இனி யாரை விட்டுச் சொல்லச் சொல்ல?